இடது வீட்டுச் சம்மதம்

சென்ற மாதம் திருச்சியில் இளம் களப்பணியாளர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் மகளிர் குழுக்களுக்குக் கழிப்பறை கட்டவும் குழாய் இணைப்பு வாங்கவும் வங்கிகளே வலிய வந்து கடன் தருகின்றன. பேச்சு முடிந்ததும் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், உங்க காலத்துல பேங்க்கும் இல்ல, மானியமும் இல்ல. ஜனங்கள எப்படி ஒத்துக்க வச்சீங்க?" என்று கேட்டாள்.

"பொறாமையை வச்சுத்தான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் விளக்கிச் சொல்ல முடியாமல் போயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மேலப்புதூர்ப் பெண். பெயர் பிலோமினா. பள்ளிப் படிப்புக்குப் பிறகு சமூகப் பணிக்கென்று ஒரு பயிற்சி முடித்தேன். அதில் பாதி பொம்மலாட்டம், மீதி சத்துமாவு கிண்டுவது. எழுபதுகளின் கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி இருந்த ஒரு கூலிக்காரர் தெருவை என்னிடம் ஒப்படைத்தார்கள். அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கழிப்பறை கிடையாது. பெண்கள் விடிவதற்கு முன் ஆற்று மணலுக்குப் போவார்கள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் மணல் இருக்காது, சாலையோரம்தான். லாரி வெளிச்சம் பட்டதும் எழுந்து நிற்பதும், லாரி போனபின் உட்காருவதுமாக அவர்கள் பட்ட பாட்டை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எங்கள் மேலதிகாரி ராமானுஜம் சார். ஏதோ ஒரு நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. சைக்கிளின் குறுக்குக் கம்பியில் ஓர் இரும்புக் கோல் கட்டியிருக்கும்; மண்ணில் குத்திப் பார்ப்பதற்கு. எந்தத் தெருவுக்குப் போனாலும் முதல் வீட்டு வாசலில் நின்று, "தீர்த்தம் கொஞ்சம் சாதிக்கலாமா?" என்று கேட்பார். முதல் தடவை கேட்ட பெண்களுக்கு ஒன்றும் புரியாது. "குடிக்கத் தண்ணி கேக்குறாரும்மா" என்று நான் சொல்வேன்.

கொண்டுவந்து கொடுத்ததை மறுக்காமல் குடிப்பார். எந்தச் சாதி வீடு என்று அவர் கேட்டதே இல்லை. ஆனால் தண்ணீர் மொள்ளும் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். குடத்துக்கு மூடி இருக்கிறதா, விரல் தண்ணீரில் படுகிறதா, சொம்பை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று கவனிப்பார். பிறகு கரை மேல் ஏறிவந்து, "அந்த வீட்டுல குழந்தைக்கு வயிறு சரியா இருக்காதே, விசாரிச்சியோ?" என்பார். விசாரித்தால் சரியாகத்தான் இருக்கும்.

அவர் யாரையும் பாராட்ட மாட்டார். நன்றாகச் செய்தால் "ஆகட்டும்" என்பார். சரியில்லை என்றால் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான்கு வருடத்தில் பல "ஆகட்டும்"கள் எனக்குக் கிடைத்திருந்தன. அதுதான் அவரிடம் உள்ள உச்சம் என்று நம்பியிருந்தேன்.

பிறகு வசந்தா வந்தாள்.

மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவள். என்னைவிட வயதில் சிறியவள். அவளை உறையூரில் நெசவாளர் தெரு ஒன்றுக்குப் போட்டார்கள். அவள் யார் வீட்டிலும் உட்காருவாள், என்ன கொடுத்தாலும் சாப்பிடுவாள், எந்தக் குழந்தையின் மூக்கையும் தன் முந்தானையாலேயே துடைப்பாள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வயிறு ஆகாது. வெளியில் ஒரு வாய் மோர் குடித்தாலும் மறுநாள் படுத்துவிடுவேன். அதனால் எந்த வீட்டிலும், "இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்" என்று பொய் சொல்லியே காலம் தள்ளியவள். ஆக, அவளிடம் நான் முதலில் பொறாமைப்பட்டது அவள் வயிற்றைப் பார்த்துத்தான்.

அவள் தெருவில் பெண்கள் சங்கம் வேர் பிடித்து, சேமிப்பு சேர்ந்து, முதல் வீட்டில் கழிப்பறைக் குழிக்குச் சிமெண்ட் உறை இறக்கியாகிவிட்டது. என் தெருவில் நாங்கள் இன்னும் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். ராமானுஜம் சார் உறையூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அலுவலகத்தில் எங்கள் எல்லோர் முன்னாலும், "பேஷ் வசந்தா, பேஷ்" என்றார். அவருக்கு அப்படி ஒரு வார்த்தை தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அன்று பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடந்ததுகூட என் நினைவில் இல்லை. அந்த 'பேஷ்' மட்டும் காதில் ஒலித்துக்கொண்டே வந்தது.

எங்கள் முறையைச் சொல்ல வேண்டும். சங்கத்துப் பணத்தில் குழாய் இணைப்புக்கும் கழிப்பறைக்கும் மட்டுமே கடன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் கிடையாது. மதியம் சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்தபின் பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். கடன் கேட்கிறவள் வட்டத்துக்கு வெளியே உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. அவளுக்காக இடது வீட்டுக்காரியும் வலது வீட்டுக்காரியும் பேச வேண்டும். அவர்கள் இருவரும் சம்மதம் என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு. இது ராமானுஜம் சார் வகுத்த விதி. "குழி ஒருத்தி வீட்டுல இருக்கும். வாசனையும் ஊறலும் பக்கத்து வீட்டுக்கும் போகும். அவாளக் கேக்காம தோண்டினா, தெருவே ரெண்டாப் போயிடும்" என்பார். அத்துடன், வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்தும் வேண்டும்.

கரைத் தெருவில் இன்னொரு சங்கடம் இருந்தது. ஆழம் தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் வந்துவிடும். சார் கோலால் குத்திப் பார்த்து, சிறு பள்ளம் தோண்டச் சொல்லி, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அது இறங்குவதைப் பக்கத்தில் குந்தியபடியே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில், குழியை ஆழமாக்காமல் தரைக்கு மேலேயே உறைகளை உயர்த்தி, படி வைத்து, கழிப்பறையை மேடையில் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். தண்ணீருக்கு அது நல்லதுதான். ஆனால் யார் வீட்டில் கட்டினாலும் அது தெரு முழுக்கத் தெரியும்படி நிற்கும். அந்தச் சின்ன விஷயம் என்ன வேலை செய்யும் என்று அப்போது நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

முதலில் கேட்டவள் மல்லிகா. அவள் கணவன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நிரந்தர வேலையில் இருந்தான். அந்தத் தெருவில் அப்படிப்பட்டவன் அவன் ஒருவன்தான். வீடு அவன் பேரிலேயே இருந்தது. மல்லிகா அப்போது மாசமாக இருந்தாள். ஆடி பிறந்து ஆற்றில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். ஒருநாள் விடியலில் சாலைக்குப் போகும்போது கரைச் சரிவில் வழுக்கி விழுந்து, பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பியிருந்தாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இனிமேல் சரிவில் ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வலது வீட்டுக்காரி உடனே சம்மதித்தாள். இடது வீட்டில் குடியிருந்தவள் தனபாக்கியம்.

"எனக்குச் சம்மதம் இல்ல டீச்சரம்மா" என்றாள் தனபாக்கியம் என்னைப் பார்த்து.

வட்டத்தில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. ஏனென்றால் அந்தச் சங்கத்தை உண்டாக்கியவளே தனபாக்கியம்தான். வீடு வீடாக ஏறி இறங்கி, திட்டு வாங்கி, கதவைச் சாத்தியவர்களைத் திறக்க வைத்துப் பெண்களைக் கூட்டிவந்தவள். மல்லிகாவைச் சேர்த்தவளும் அவள்தான்.

நாற்றம் வரும் என்றாள். கோப்பை வளைவில் நிற்கும் தண்ணீரே நாற்றத்தைத் தடுத்துவிடும் என்று உறையூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அடிபம்பில் ஊறிவிடும் என்றாள். சார் வந்து, பம்பு போதிய தூரத்தில் இருப்பதை அளந்து காட்டினார். சந்தின் கோடியில் இருக்கும் மாரியம்மனுக்கு ஆகாது என்றாள். பூசாரியே வந்து, "ஆத்தாவுக்கு ஒண்ணும் கோவமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு காரணம் விழும்போதும் அவள் முகம் இன்னும் இறுகியதே தவிர, சம்மதம் வரவில்லை. மல்லிகாவுக்கோ மாதம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வாளியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, அதைக் கொட்டக் கணவனை அனுப்பி, வெட்கத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

ராமானுஜம் சார் என்னைக் கூப்பிட்டார். "பிலோமினா, வசந்தாவ ஒருதரம் அனுப்பிப் பாக்கலாமா?"

என் தெரு. நான்கு வருடமாக நான் நடந்த தெரு. "சரி சார்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

வசந்தா வந்தாள். தெருவில் கால் வைத்ததுமே குழந்தைகள் அவளைச் சூழ்ந்துகொண்டன. என்னைப் பார்த்தால் எட்டி நின்று வணக்கம் சொல்லும் குழந்தைகள் அவை. தனபாக்கியம் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழைய சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தனம் அக்கா, அது வாயும் வயிறுமா இருக்கு. உங்க கூடப் பொறந்த தங்கச்சியா இருந்தா விட்டுருவீங்களா? பெரிய மனசு பண்ணுங்க. மல்லிகா எவ்வளவு நல்ல பொண்ணு! அது முகத்தப் பாத்தாவது சரின்னு சொல்லுங்க" என்றாள்.

தனபாக்கியம் கையை உருவிக்கொண்டாள். "அதுக்கென்ன குறை? நல்ல பொண்ணுதான். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்த எனக்குள் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. ஒன்று, வசந்தா தோற்றாள் என்பதில் உள்ளுக்குள் எழுந்த ஒரு குளிர்ச்சி. மற்றது, தனபாக்கியத்தின் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல் என்ற நினைப்பு. "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க." காவிரிப் பாலத்து பஸ்ஸில் என் மனம் புழுங்கிக்கொண்டு வந்ததும் அதே குரலில்தான்.

வசந்தாவுக்கு அது கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது. அவள் யாரைப் பார்த்தும் வயிறெரிந்தவள் இல்லை. தெருவுக்கு வெளியே வந்ததும், "எனக்கு ஒண்ணும் புரியலக்கா. நல்லவங்களாத்தான் இருக்காங்க, ஏன் இப்படிப் பண்றாங்க?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள்.

மறுநாள் தனபாக்கியத்தைப் பார்க்கத் தனியாகப் போனேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மல்லிகா பேரையே எடுக்காமல், "தனம், முதல் கக்கூஸ் உங்க வீட்டுலதான் வந்திருக்கணும், இல்லையா?" என்றேன்.

முறம் நின்றது. பிறகு மனதில் இருந்ததைக் கொட்டினாள்.

"நானும் அவளும் ஒரே மாசத்துல இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தோம் டீச்சரம்மா. அவ புருஷனுக்கு ரயில்வே வேலை. எம் புருஷன் மணல் வண்டி. அவளுக்குச் சொந்த வீடு. எனக்கு ஒண்டிக் குடித்தனம். அவளுக்கு இது ரெண்டாவது. எனக்கு..." கையை விரித்துக் காட்டினாள். "சங்கம் ஒண்ணுதான் நான் செஞ்சது. அதுலயும் மொதல்ல அவளுக்கா? மேடை கட்டி, படி வச்சு, தெனமும் நான் கண்ணு முழிச்சதும் அதயா பாக்கணும்?"

"பாக்கக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தப்பு என்று சொல்வேன், பெரிய மனசு பண்ணு என்பேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அந்த மனதுக்குப் புத்தி சொன்னால் ஏறாது என்பது எனக்குத் தெரியும். எனக்கே யார் சொல்லியும் ஏறவில்லை. "நீங்க ஏன் மொதல்ல கேக்கல?" என்றேன்.

"வீடு என் வீட்டுக்காரரோட அண்ணன் பேர்ல இருக்கு. திருவெள்ளறையில இருக்காரு. கையெழுத்துப் போட மாட்டாரு."

"கேட்டீங்களா?"

"கேக்காமயே தெரியும்."

"வாங்க, கேட்டுட்டு வருவோம்."

இருவரும் பஸ் பிடித்துத் திருவெள்ளறை போனோம். பெரியவர் வயலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இன்னிக்குக் கக்கூஸ் கட்டுவா. நாளைக்கு நான்தான் கட்டினேன், வீடு எனக்குத்தான்னு நிப்பா" என்றார்.

"வீடு உங்களுதுதான் பெரியவரே. எனக்கு வேணாம். கதவு வச்ச ஒரு எடம் வேணும், அவ்வளவுதான். நாங்க காலி பண்றப்ப அதப் பேத்துக்கிட்டா போவப் போறோம்?" என்றாள் தனபாக்கியம்.

அவர் மசிகிற மாதிரி இருந்தது. அப்போது பார்த்து, வரப்பில் சோற்றுத் தூக்கோடு வந்த அவர் மனைவி, "நமக்கே இங்க ஒரு மறைப்பு இல்ல. அவளுக்கு மொதல்ல கேக்குதா?" என்றாள். இங்கேயும் அதே நெருப்புதான். எனக்கு அதன் வாசனை இப்போது நன்றாகப் பிடிபட்டிருந்தது.

"அம்மா, அங்க கட்டுறது உங்க வீட்டுலதானே? வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வந்தா அங்கதானே தங்குவீங்க? அத்தனை கூட்டத்துல எங்க ஒதுங்குறீங்க?" என்றேன்.

அந்த அம்மாள் தூக்கைக் கீழே வைத்தாள். "அதையேன் கேக்குறீங்க. ராத்திரியெல்லாம் அடக்கிக்கிட்டு நின்னு, மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தேன்" என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "போட்டுக் குடுங்க. நம்ம வீட்டுக்குத்தானே செய்யுறாங்க" என்றாள். அவர் போட்டுக் கொடுத்தார்.

சங்கத்தில் ஒரு வீட்டுக்குத்தான் அப்போது பணம் இருந்தது. தனபாக்கியத்துக்குக் கொடுத்தால் மல்லிகா காத்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே மல்லிகாவிடம் போய் உள்ளதை அப்படியே சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றில் கைவைத்தபடி இடது வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

"அவ வீட்டுலயே மொதல்ல கட்டுங்க டீச்சரம்மா. எனக்கு அங்க போக விடுவாளா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"அத நீங்களே போய்க் கேளுங்க" என்றேன்.

மல்லிகா இடது வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அதுவரை எல்லாம் இருந்தவள், ஒன்றும் இல்லாதவளிடம் வந்து, "தனம், உன் கக்கூஸை எனக்கும் விடுவியா?" என்று கேட்டு நின்றாள். தனபாக்கியத்தின் முகம் மாறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். "இது என்ன கேள்வி? வயித்தத் தூக்கிக்கிட்டு நிக்காத, உக்காரு" என்று பலகையை எடுத்துப் போட்டாள்.

அடுத்த கூட்டத்தில் தனபாக்கியம் வட்டத்துக்கு வெளியே வாய் மூடி உட்கார்ந்திருந்தாள். மல்லிகாதான் அவளுக்காகப் பேசினாள். கொத்தனார் வந்து உறை இறக்கி, கோப்பை பதித்து, படி வைத்து, தகரக் கதவு மாட்டினார். பூட்டுச் சாவி தனபாக்கியத்தின் தாலிக் கயிற்றோடு தொங்கியது. மல்லிகா வரும்போதெல்லாம் அவளே போய்க் கதவைத் திறந்து, உள்ளே வாளித் தண்ணீர் கொண்டுபோய் வைத்து, படியில் கைபிடித்து ஏற்றிவிட்டாள். மல்லிகாவுக்கு நல்லபடியாகப் பெண் பிறந்தது. பிறகு மல்லிகாவின் முறை வந்தபோது, கூட்டத்தில் இடது வீட்டுச் சம்மதம் எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தது.

அந்த மேடையும் படியும் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தன. எதிர் வரிசைக்காரிகள், "அவளுக்கு மட்டும்தானா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பக்கத்துத் தெருக்காரிகளை நானே கூட்டிவந்து காட்டினேன். சுத்தம், சுகாதாரம், கொக்கிப்புழு எதைப் பற்றியும் பேசவில்லை. பேசாமல் நிற்க வைத்துவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே அங்கும் சங்கம் கூடியது.

ராமானுஜம் சார் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். தனபாக்கியம் வீட்டில் தீர்த்தம் கேட்டுக் குடித்தார். நடந்ததை நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டார். சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்து, "பேஷ்" என்றார். என் நெஞ்சு நிமிர்ந்தது. அவரோ விடவில்லை. "பேஷ் பிலோமினா. வசந்தாவுக்கே பிடிபடலையே இது!" என்றார். எனக்குக் கிடைத்த ஒரே ஒரு பேஷ்; அதற்குள்ளும் அவள் பெயர் இருந்தது.

அடுத்த வருடம் எங்கள் எல்லோருக்கும் மேற்பார்வையாளராக வசந்தாவைப் போட்டார்கள். அவள் என்னிடம் வந்து, "நீங்கதான்க்கா அந்த எடத்துக்கு வந்திருக்கணும்" என்றாள். அவள் அதை மனதாரச் சொன்னாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் டெல்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் கரைத் தெருவைப் பார்க்க வந்தார்கள். அதற்குள் தெரு முழுவதும் கழிப்பறைக் கதவுகள் வந்துவிட்டன. அடிபம்புக்குப் பதிலாக வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பும் வந்துவிட்டது. வசந்தா அவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். முடிவில் ஓர் அதிகாரி அவளைப் பாராட்ட வாயெடுத்ததும், அவள் தடுத்து, "இதுல எனக்கு ஒரு பங்கும் இல்ல சார். இந்தத் தெருவுல நான் தோத்துப் போனேன். ஜெயிச்சது இவங்கதான்" என்று கூட்டத்தின் பின்னால் நின்ற என்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் அவர்கள் பார்வை என் மேல் இல்லை. இப்படி ஒருத்தி இருப்பாளா என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் போட்டோக்காரர் படம் எடுத்தார்.

அந்தப் படம் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் நான் நட்ட நடுவில் இருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டு, "உங்க கையப் பிடிச்சு இழுத்துட்டு வராங்களே, அவங்க யாரு?" என்றுதான் கேட்கிறார்கள்.

"வசந்தா" என்று சொல்வேன். அதற்கு மேல் அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சேர்க்கலாம். சேர்க்க வேண்டியவள்தான். இன்னும் மனம் வரவில்லை.